மின்பொறியியல் படித்துவிட்டு காப்புரிமை வழக்கறிஞர் ஆவது: படித்த சர்க்யூட் அங்கே எதற்கு?

கலங்கரை எழுதியது:

வணக்கம். இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) முடித்து, பவர் சப்ளை வடிவமைக்கும் குழு ஒன்றில் வேலை பார்க்கிறேன். சர்க்யூட் பிடிக்கும். ஆனால் லேஅவுட் திருத்தி, போர்டு வந்து, மறுபடி லேஅவுட் திருத்தி என்று சுற்றுவதைவிட, ஒரு சர்க்யூட் ஏன் வேலை செய்கிறது என்று எழுதுவதுதான் எனக்குக் கைவருகிறது. குழுவில் டிசைன் குறிப்பு எழுத வேண்டும் என்றால் எல்லாரும் என் பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

காப்புரிமைத் துறைக்குப் போகலாமா என்று யோசனை. சட்டம் படித்தே ஆக வேண்டுமா? படித்த மின்பொறியியல் அங்கே நிஜமாகத் தேவைப்படுகிறதா, இல்லை உள்ளே நுழைய ஒரு சான்றிதழாக மட்டும் நிற்கிறதா? கொஞ்ச காலம் போனால் ஓம் விதி மட்டும்தான் மிஞ்சும் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். அந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற எக்ஸாமினர் எழுதியது:

காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பரிசீலித்தவன் நான். முதல் கேள்விக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

விண்ணப்பம் எழுதி, காப்புரிமை அலுவலகத்தில் வாதாடுவது ஒரு வேலை. நீதிமன்றத்தில் வழக்கு நடத்துவது வேறு வேலை. முதலாவதற்குப் பல நாடுகளில் சட்டப் பட்டம் தேவையில்லை. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம்தான் தேவை. அமெரிக்காவில் அதற்கெனத் தனிப் பதிவுத் தேர்வு இருக்கிறது. அதில் தேறியவர் காப்புரிமை முகவர். அவரே சட்டமும் படித்து வழக்கறிஞராகப் பதிந்திருந்தால் காப்புரிமை வழக்கறிஞர். ஐரோப்பாவில் பொறியியல் பட்டத்தோடு சில வருடப் பயிற்சி பெற்று, ஐரோப்பியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். கடினமான தேர்வு, பலர் மறுபடி எழுதுகிறார்கள். இந்தியாவிலும் முகவர் தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கட்டாயம்.

முனைவர் பட்டம் வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். உயிர்த் தொழில்நுட்பத்தில் பெரும்பாலும் எதிர்பார்க்கிறார்கள். மின்பொறியியலில் இளங்கலைப் பட்டமே பொதுவாகப் போதும்.

பழைய சாலிடர் எழுதியது:

எதிர்த்தரப்பிலிருந்து ஒரு குரல். ஹார்டுவேரிலேயே தலை நரைத்தவன் நான். காப்புரிமை வக்கீல்களுக்கு என் சர்க்யூட்டை விளக்கிவிட்டு, அவர்கள் எழுதி அனுப்பியதைப் படித்தால் அது என்னுடையதுதானா என்றே தெரியாது. கெப்பாசிட்டர் இருக்காது, "மின்னூட்டம் தேக்கும் உறுப்பு" இருக்கும். ரெசிஸ்டர் இருக்காது, "மின்தடைத் தன்மை கொண்ட பாதை" இருக்கும். ஒரே வாக்கியம் கூட்ஸ் வண்டி மாதிரி பக்கம் முழுக்க ஓடும். பொறியியல் படித்தவர் ஏன் இப்படி எழுதுகிறார்? படித்ததை மறைக்கத்தான் படித்தாரா?

தங்கச்சிக்கு என் யோசனை: நல்ல டிசைன் குறிப்பு எழுதத் தெரிந்த ஆள் குழுவுக்கே பொக்கிஷம். அங்கேயே இரும்மா.

ஒமேகா எழுதியது:

நானும் இ.இ.இ. தான். கொஞ்ச காலம் மோட்டார் டிரைவ் வடிவமைத்துவிட்டு சட்டம் படித்தேன். சாலிடர் அண்ணன் சொல்கிற அந்த "மின்தடைத் தன்மை கொண்ட பாதை" எழுதும் கூட்டத்தில் ஒருத்தி. அதனால் நானே பதில் சொல்ல வேண்டியதுதான்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். இதில் புதுமை எதுவும் இல்லை, பல காலமாகத் தெரிந்த விஷயம். பாடத்துக்காக மட்டும்.

ஒரு பக் கன்வர்ட்டர், அதாவது வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட். கண்டுபிடிப்பாளர் நிரப்பித் தந்த படிவத்தில் இப்படி இருக்கிறது: "10 மில்லி ஓம் ஷன்ட் ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜை கம்பேரேட்டர் (வோல்டேஜ்களை ஒப்பிடும் உறுப்பு) பார்க்கிறது. அது எல்லைக்குக் கீழே போனால், கன்ட்ரோலர் ஸ்விட்சிங் அதிர்வெண்ணைக் குறைக்கிறது. லேசான லோடில் இழப்பு குறைகிறது."

இதை அப்படியே உரிமைகோரலாக, அதாவது எது தன்னுடையது என்று காப்புரிமை சொல்லும் வாக்கியமாக, எங்கள் பேச்சில் கிளெய்மாக, எழுதிவிடலாம். வாக்கியம் அழகாக இருக்கும், அண்ணனுக்கும் புரியும். போட்டிக்காரர் என்ன செய்வார்? ஷன்ட்டைத் தூக்கிவிட்டு, சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட் ஆன் ஆகியிருக்கும்போது அதில் விழும் வோல்டேஜை அளப்பார். அல்லது கம்பிச்சுருளான இண்டக்டருக்குக் குறுக்கே ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஒரு ஆர்.சி. ஃபில்டர் போட்டு, இண்டக்டரின் செப்புக் கம்பியிலேயே இருக்கும் தடையை வைத்து அளப்பார். காசும் மிச்சம், காப்புரிமைக்கும் வெளியே.

அதனால் நான் கண்டுபிடிப்பாளரிடம் கேட்பது: ஷன்ட் எதற்கு? கரன்ட் அளக்க. வேறு எப்படி அளக்கலாம்? மாஸ்ஃபெட்டில், இண்டக்டரில், காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சாரில். பிறகு ஏன் ஷன்ட் போட்டீர்கள்? மற்றவை வெப்பத்தில் மாறும். செப்பின் தடையே ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். சரி, அந்த மாற்றம் உங்கள் யோசனையைக் கெடுக்குமா? கொஞ்சம் யோசித்து, "இல்லை, எல்லை சற்று நகரும், அவ்வளவுதான்" என்பார்.

அந்தக் கடைசி பதில்தான் எனக்கு வேண்டியது. இப்போது முதல் கிளெய்மில் "இண்டக்டரின் வழியே செல்லும் மின்னோட்டத்தைக் குறிக்கும் சிக்னலைத் தரும் உணர்சுற்று" என்று எழுத எனக்குத் தைரியம் வருகிறது. ஷன்ட், மாஸ்ஃபெட், இண்டக்டர் மூன்றும் அதைச் சார்ந்த, அதைவிடக் குறுகிய கிளெய்ம்களாகக் கீழே போகும். கம்பேரேட்டருக்கும் இதே விசாரணை: சிக்னலை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. வைத்து ஃபர்ம்வேரில் ஒப்பிட்டால் யோசனை செத்துவிடுமா? சாகாது என்றால் கம்பேரேட்டர் என்ற சொல்லும் கீழே போகும். மேலே எழுதும் எல்லா வகைக்கும் விளக்கப் பகுதியில் படமும் விவரமும் இருக்க வேண்டும். அது இல்லாமல் கிளெய்மை மட்டும் அகலமாக எழுதினால் எக்ஸாமினர் விடமாட்டார்.

இன்னொரு கேள்வி இருக்கிறது, இதைப் புதிதாக வருபவர்கள் கவனிப்பதே இல்லை. அந்த இண்டக்டரை யார் வாங்கிப் போடுகிறார்கள்? கன்ட்ரோலர் ஐ.சி., அதாவது சிப், செய்பவர் ஐ.சி.யை மட்டும் விற்கிறார். இண்டக்டர் அவருடைய வாடிக்கையாளரின் போர்டில் இருக்கிறது. கிளெய்மில் இண்டக்டரை ஒரு உறுப்பாகச் சேர்த்துவிட்டால், நேரடியாக மீறுவது அந்த வாடிக்கையாளர்தான், ஐ.சி. செய்தவர் அல்ல. வாடிக்கையாளர் நாளை உங்களுக்கும் வாடிக்கையாளராகலாம், அவர்மேல் வழக்குப் போட யாருக்கும் மனம் வராது. அதனால் "ஒரு இண்டக்டருடன் இணைக்கத்தக்க கன்ட்ரோலர்" என்று தனியாக ஒரு கிளெய்ம் வேண்டும். இது தெரிய, சந்தையில் எது சிப்பாக விற்கிறது, எது போர்டாக விற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் அது கிடையாது.

அண்ணனின் ரெசிஸ்டரை அழித்தது இதற்குத்தான். ஆனால் விளக்கப் பகுதியையும் அதே பாஷையில் எழுதுகிறார்களே, அதில் அண்ணன் கட்சிதான் நான். அங்கே ரெசிஸ்டரை ரெசிஸ்டர் என்றே சொல்லலாம், சொல்ல வேண்டும்.

கலங்கரை எழுதியது:

நன்றி அக்கா. ஆனால் ஒரு சந்தேகம். எவ்வளவு அகலமாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது என்றுதானே இது போகிறது? அப்படியானால் எல்லாரும் "கரன்ட்டைப் பார்த்து அதிர்வெண்ணை மாற்றும் எதுவும் என்னுடையது" என்று எழுதிவிடலாமே?

ஓய்வுபெற்ற எக்ஸாமினர் எழுதியது:

எழுதலாம். என் மாதிரி ஆட்கள் அதற்குத்தான் சம்பளம் வாங்கினோம்.

இதை மோர்ஸே செய்து பார்த்தார். தந்திக் காப்புரிமையில் அவருடைய எட்டாவது கிளெய்ம், தான் விவரித்த இயந்திரத்தோடு நிற்காமல், மின்காந்த சக்தியை எந்த வழியில் பயன்படுத்தித் தொலைவில் எழுத்தையோ குறியையோ பதித்தாலும் அது தன்னுடையது என்றது. 1854இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஒன்றை மட்டும் தள்ளியது, மற்றவை நின்றன. தான் கண்டுபிடிக்காத வழிகளையும் சேர்த்துக் கேட்கிறார் என்பது காரணம். இன்றும் எந்த நாட்டுச் சட்டமும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வரும்: விளைவைக் கேட்காதே, வழியைக் கேள்.

அகலத்துக்கு இரண்டாவது ஆபத்து, பழைய ஆவணங்கள். கிளெய்மில் ஒவ்வொரு சொல்லைத் தளர்த்தும்போதும் அதற்குள் விழும் பழைய சர்க்யூட்டுகள் கூடும். பவர் கன்வர்ட்டர் என்றால் எச்02எம் என்ற வகைப்பாட்டில் தேடுவோம், ஆம்ப்ளிஃபையர் என்றால் எச்03எஃப். காப்புரிமைகள் மட்டுமில்லை, டேட்டாஷீட், பயன்பாட்டுக் குறிப்பு, மாநாட்டுக் கட்டுரை எல்லாமே கணக்கு. ஒரு பழைய டேட்டாஷீட்டின் கடைசிப் பக்கத்து எடுத்துக்காட்டு சர்க்யூட் போதும், அழகாக எழுதிய முதல் கிளெய்ம் காலி.

நியாயமாக மறுபக்கமும் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்கும் புரியாமல் போனதுண்டு. ஹரால்ட் பிளாக் எதிர்ப் பின்னூட்ட ஆம்ப்ளிஃபையரை 1927இல் யோசித்தார், 1928இல் விண்ணப்பித்தார். அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1937இல். கிடைத்த கெயினை, அதாவது பெருக்கத்தை, தானே தியாகம் செய்து திரிபைக் குறைப்பது அன்று யாருக்கும் நம்பும்படி இல்லை. வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பினால் ஊளையிடும் என்பதுதான் அன்றைய அறிவு. பிரிட்டிஷ் அலுவலகம் வேலை செய்யும் மாதிரியைக் கொண்டு வா என்றது, நிரந்தர இயக்க இயந்திரத்துக்கு விண்ணப்பித்தவரிடம் கேட்பதைப் போல. அந்த மேசையில் அவர் தரப்பில் உட்கார்ந்தவர் சர்க்யூட் தெரியாதவராக இருந்திருந்தால், பாதியிலேயே கைவிட்டிருப்பார்.

சட்டம் மட்டும் எழுதியது:

நான் பொறியியல் படிக்காதவன். காப்புரிமை வழக்குகளில்தான் பிழைப்பு. விண்ணப்பம் எழுத மின்பொறியியல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சி இருக்கிறார். அவர் சர்க்யூட்டைப் பார்த்துக்கொள்வார், நாங்கள் சொற்களைப் பார்த்துக்கொள்வோம். பெரிய வழக்குகள் சொல்லில்தான் முடிகின்றன.

ஐ.சி. யாருடைய கண்டுபிடிப்பு என்ற சண்டையையே பாருங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் இருந்த கில்பி 1959 பிப்ரவரியில் விண்ணப்பித்தார், ஃபேர்சைல்டில் இருந்த நாய்ஸ் அதே வருடம் ஜூலையில். கில்பியின் படத்தில் உறுப்புகளை இணைத்தவை காற்றில் வளைந்து நிற்கும் தங்கக் கம்பிகள். ஆனால் எழுத்தில், காப்புப் படலத்தின் மேல் தங்கத்தை இட்டும் இணைக்கலாம் என்று ஒரு பத்தி இருந்தது. நாய்ஸின் கிளெய்ம், உலோகத் தடங்கள் ஆக்ஸைடு படலத்தோடு ஒட்டியிருப்பதைச் சொன்னது. மேலே இட்டது என்றால் ஒட்டியிருப்பது என்று அர்த்தமாகுமா? 1969இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகாது என்றது, நாய்ஸ் ஜெயித்தார். அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. இதற்குள் நிறுவனங்கள் இரண்டும் 1966லேயே பரஸ்பரம் உரிமம் கொடுத்துக்கொண்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டன என்பது தனிக் கதை.

ஒமேகா எழுதியது:

கில்பி வழக்கு என் கட்சிக்குத்தான் சாட்சி. அந்தப் பத்தியை எழுதும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "தங்கத்தை எப்படி இடுவீர்கள்? ஆவியாக்கியா? சிலிக்கான் டை ஆக்ஸைடில் தங்கம் ஒட்டுமா?" என்று கேட்டிருந்தால்? தங்கம் ஆக்ஸைடில் லேசில் ஒட்டாது. அலுமினியம் நன்றாக ஒட்டும். நீதிமன்றத்துக்கு வந்த சொற்சண்டை, முதலில் ஒரு உலோகவியல் கேள்வி. விண்ணப்ப நாளன்று விட்டதைப் பிறகு எந்த நிபுணர் சாட்சியாலும் உள்ளே சேர்க்க முடியாது.

நிபுணர் சாட்சி இருந்தால் போதும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். வானொலி முன்னோடிகளான ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் டி ஃபாரஸ்ட்டுக்கும் நடந்த மீளூட்டுச் சுற்று (வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பிச் சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) வழக்கு 1934இல் உச்ச நீதிமன்றத்தில் டி ஃபாரஸ்ட் பக்கம் முடிந்தது. பொறியாளர்கள் பலர் அதை ஏற்கவே இல்லை. அந்தக் கண்டுபிடிப்புக்காகத் தனக்குத் தந்த பதக்கத்தை ஆர்ம்ஸ்ட்ராங் வானொலிப் பொறியாளர் கழகத்திடம் திருப்பிக் கொடுக்கப் போனார். கழகம் வாங்க மறுத்து, முன்பு தந்த கௌரவம் அப்படியே நிற்கும் என்று அறிவித்தது. சாட்சிக்கு யாருக்கும் பஞ்சமில்லாத வழக்கு அது.

சட்டம் மட்டும் எழுதியது:

சரி, ஒட்டாத தங்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை. 😀 ஆனால் ஒன்று: பொறியாளராக இருந்து வந்தவர்கள் நீதிபதிக்குப் புரியும்படி சொல்ல மறந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். அதிர்வெண்ணுக்கேற்ப சர்க்யூட் எப்படி மாறுகிறது என்று காட்டும் போடே பிளாட்டைத் திரையில் போட்டுவிட்டு "இதிலேயே தெரிகிறது" என்பார்கள். அங்கே யாருக்கும் தெரியாது.

நிரல்வாசி எழுதியது:

எல்லாரும் ரெசிஸ்டரிலேயே நிற்கிறீர்கள். இப்போது வரும் விண்ணப்பங்களில் மென்பொருள் இல்லாதது எது? 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வந்த ஆலிஸ் தீர்ப்புக்குப் பிறகு, பழைய யோசனையைக் கணினியில் ஓட்டுவதற்கெல்லாம் காப்புரிமை கேட்பது கஷ்டம். இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலை அதன் அளவிலேயே விலக்குகிறது, ஐரோப்பாவிலும் அதே பேச்சுதான். மின்பொறியியல் இங்கே என்ன செய்யும்? அப்புறம், கிளெய்மை ஏ.ஐ. எழுதித் தருகிறதே, இனி இந்த வேலை எத்தனை காலம்?

ஒமேகா எழுதியது:

மென்பொருளில்தான் மின்பொறியியல் அதிகம் கைகொடுக்கிறது. அல்காரிதத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் அது கணக்கு என்று தள்ளிவிடுவார்கள். அதனால் என்ன குறைந்தது, எங்கே குறைந்தது என்று கேட்க வேண்டும். நினைவகத்துக்குப் போய்வரும் தரவு குறைந்ததா? இன்டரப்ட் (செயலியை இடைமறிக்கும் சிக்னல்) கையாளும் நேரம் குறைந்ததா? மோட்டாரில் டார்க் (சுழற்று விசை) அதிர்வு அடங்கியதா? அந்த பௌதிக விளைவு விண்ணப்பத்தில் எழுதப்பட்டு, கிளெய்மிலும் தெரிந்தால் எக்ஸாமினரோடு பேச ஏதோ ஒன்று இருக்கும். கண்டுபிடிப்பாளர்கள் அதைச் சொல்லவே மாட்டார்கள், அவர்களுக்கு அது தெரிந்த விஷயம்.

ஏ.ஐ. நன்றாகத்தான் எழுதுகிறது. கொடுத்ததை அழகாக எழுதும். "இது சூடானால் என்ன ஆகும்?" என்று கண்டுபிடிப்பாளரைப் பார்த்துக் கேட்காது. வெளியாகாத கண்டுபிடிப்பைப் பொதுச் சேவையில் ஒட்டுவதற்கு முன் அந்தச் சேவையின் ரகசிய விதியைப் படியுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

பழைய சாலிடர் எழுதியது:

ஒமேகா சொன்ன ஷன்ட் கதை நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு கேள்வி. ஒரு நிறுவனத்தில் எங்களுக்கு வாய்மொழி உத்தரவே உண்டு: மற்றவர்களின் காப்புரிமையைப் படிக்காதே. அறிவை வெளியே கொண்டுவரத்தான் காப்புரிமை என்கிறீர்கள், படிக்க வேண்டியவனைப் படிக்காதே என்கிறீர்கள். இது என்ன நியாயம்?

ஒமேகா எழுதியது:

அமெரிக்கச் சட்டத்தின் நிழல் அது. தெரிந்தே மீறினால் நீதிமன்றம் இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். படித்திருந்தால்தானே தெரியும், அதனால் படிக்காதே என்று சில வக்கீல்கள் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்தில் வெளியாகிறது, உரிமை விண்ணப்ப நாளிலிருந்து 20 வருடம். காலம் முடிந்தவற்றைத் தாராளமாகப் படியுங்கள், பவர் எலக்ட்ரானிக்ஸில் அது பெரிய நூலகம். உயிரோடிருப்பவை பற்றி உங்கள் நிறுவன வக்கீலிடம் கேட்டுவிட்டுப் படியுங்கள்.

இன்னொன்றையும் பொறியாளர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இதில் எரிச்சல் அதிகம் எனக்கு. மாநாட்டில் கட்டுரை படித்துவிட்டு வந்து "காப்புரிமை போடலாமா?" என்று கேட்காதீர்கள். அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் கிட்டத்தட்ட இல்லை. உங்கள் கட்டுரையே உங்கள் கண்டுபிடிப்புக்கு எதிரான பழைய ஆவணமாகிவிடும்.

கலங்கரை எழுதியது:

மறந்துவிடுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

ஒமேகா எழுதியது:

கணக்கு கொஞ்சம் துருப்பிடிக்கும். லூப் நிலைப்புத்தன்மையை இப்போது என்னைக் காகிதத்தில் போடச் சொன்னால் முழிப்பேன். ஆனால் இன்று கேட் டிரைவர், நாளை ஆன்டெனா, அடுத்து பேட்டரி மேலாண்மை என்று வந்துகொண்டே இருப்பதால் அகலம் கூடும். ஒரே சர்க்யூட்டின் ஆழத்தில் கிடப்பது பிடிக்கும் என்றால் இங்கே வராதே. கண்டுபிடிப்பது அடுத்தவர், நீ பக்கத்தில் உட்கார்ந்து எழுதுபவள். அது சிலருக்குப் பொறுக்காது.

விதிவிலக்கு உண்டு. எல்லாரும் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த ஐன்ஸ்டைனைச் சொல்வார்கள், அவரை விடு. செஸ்டர் கார்ல்சன் இயற்பியல் படித்து ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் இருந்தார். ஆவணங்களுக்குப் பிரதி எடுத்து எடுத்து அலுத்தவர். மாலையில் சட்டக் கல்லூரி, மிச்ச நேரத்தில் சோதனை. 1938 அக்டோபர் 22 அன்று முதல் உலர் நகல் எடுத்தார், 1942இல் காப்புரிமை கிடைத்தது. ஜெராக்ஸ் அப்படி வந்தது.

படித்துத் தெரிந்துகொள்வதைவிட எழுதிப் பார். இரண்டு சுவிட்சால் ஒரு விளக்கைக் கட்டுப்படுத்தும் படிக்கட்டு சர்க்யூட்டை இன்றுதான் நீ கண்டுபிடித்தாய் என்று வைத்துக்கொள். முதல் கிளெய்ம் எழுது.

கலங்கரை எழுதியது:

முயற்சி செய்கிறேன், சிரிக்கக் கூடாது.

"படிக்கட்டு விளக்கைக் கட்டுப்படுத்தும் அமைப்பு, அதில், படிக்கட்டின் அடியில் பொருத்தப்பட்ட முதல் இருவழி சுவிட்ச், உச்சியில் பொருத்தப்பட்ட இரண்டாவது இருவழி சுவிட்ச், இரு சுவிட்சுகளையும் நேரடியாக இணைக்கும் இரண்டு கம்பிகள், எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் நிலை மாறும் மின்விளக்கு ஆகியவை அடங்கும்."

ஒமேகா எழுதியது:

நீள நடைக்கூடத்தில் போட்டால் படிக்கட்டு இல்லை, தப்பித்தார்கள். மின்விசிறிக்குப் போட்டால் விளக்கு இல்லை. நடுவில் மூன்றாவதாக ஒரு குறுக்குச் சுவிட்ச் வைத்து மூன்று இடத்திலிருந்து கட்டுப்படுத்தினால், உன் "நேரடியாக" போயிற்று. மறுபடி.

கலங்கரை எழுதியது:

"ஒரு மின்சுமை, முதல் இடத்தில் முதல் தேர்வுச் சாதனம், இரண்டாம் இடத்தில் இரண்டாம் தேர்வுச் சாதனம், இவற்றில் எதன் நிலை மாறினாலும் சுமைக்கான மின்னோட்டம் ஓடும் நிலையிலிருந்து ஓடாத நிலைக்கோ, மறுதிசையிலோ மாறும் அமைப்பு."

ஓய்வுபெற்ற எக்ஸாமினர் எழுதியது:

மறுக்கப்பட்டது. இரண்டு புஷ் பட்டன், ஒரு லாட்சிங் ரிலே (தட்டிய நிலையிலேயே நிற்கும் மின்சுவிட்ச்) வைத்த சர்க்யூட் இதற்குள் அப்படியே விழுகிறது. மேலும் விளைவை மட்டும் கேட்டிருக்கிறீர்கள், எப்படி என்று ஒரு சொல்கூட இல்லை. மோர்ஸ் ஞாபகமிருக்கட்டும்.

கலங்கரை எழுதியது:

"ஒவ்வொரு தேர்வுச் சாதனத்துக்கும் ஒரு பொது முனையும் இரு தேர்வு முனைகளும் உண்டு, முதல் சாதனத்தின் தேர்வு முனைகளுக்கும் இரண்டாம் சாதனத்தின் தேர்வு முனைகளுக்கும் இடையே இரு மின்பாதைகள், ஒரு சாதனத்தின் பொது முனை மின்வழங்கியுடனும், மற்றதன் பொது முனை சுமையுடனும் இணைக்கப்பட்டிருக்கும்."

ஒமேகா எழுதியது:

இது கிளெய்ம். "நேரடியாக" போனதால் நடுவில் குறுக்குச் சுவிட்ச் வந்தாலும் பாதைகள் பாதைகள்தான். எக்ஸாமினர் சாரின் ரிலேவும் வெளியே போய்விட்டது.

பழைய சாலிடர் எழுதியது:

நான் தப்பிக்கிறேன் பாருங்கள். பழைய வயரிங் ஒன்று உண்டு. விளக்கை இரண்டு சுவிட்சுகளின் பொது முனைகளுக்கு நடுவே மாட்டுவார்கள். ஒவ்வொரு சுவிட்சும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இரண்டும் வேறாக இருந்தால் எரியும், ஒன்றாக இருந்தால் அணையும். பொது முனை இரண்டும் சுமைக்கே போகின்றன, மின்வழங்கிக்கு ஒன்றும் போகவில்லை. தங்கச்சி கிளெய்மில் நான் இல்லை.

ஒமேகா எழுதியது:

அழகு! ஆனால் அதற்காக இன்னொரு தனிக் கிளெய்ம் எழுத வேண்டாம் என்பேன். அந்த முறையில் விளக்கு அணைந்திருக்கும்போதே அதன் இரு முனையிலும் ஃபேஸ் நிற்கலாம். பல்பு மாற்றுகிறவர் கதி என்ன? விதிகள் அதை அனுமதிப்பதில்லை. விற்க முடியாத சர்க்யூட்டைத் தடுக்கக் கட்டணம் கட்டுவது வீண்.

பழைய சாலிடர் எழுதியது:

230 வோல்டில் சரி. 12 வோல்ட் பேட்டரியில்? படகு, கேரவன் உள்ளே விளக்கு? அங்கே பிளஸ் முனையைத் தொட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நான் அங்கே விற்பேன்.

ஒமேகா எழுதியது:

சரி, எழுது கலங்கரை. இரண்டாவது தனிக் கிளெய்ம்.

கலங்கரை எழுதியது:

எழுதுகிறேன். ஆனால் அண்ணா, டி.சி.யில் அந்த முறை போட்டால் எந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து விளக்கின் துருவம் மாறிவிடும். எல்.இ.டி. என்றால் பாதி நேரம் எரியாது, முன்னால் துருவம் எப்படி வந்தாலும் ஒரே திசையாக்கும் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வேண்டும். அதைச் சார்பு கிளெய்மாகக் கீழே வைத்துவிடுகிறேன்.